கட்டை ஒதுங்கின வருஷம்

சங்குமுனை காலனிக்காரர்கள் வருஷத்தை எண்ணால் சொல்வதில்லை. புயல் அடித்த வருஷம், குழாயில் உப்புத் தண்ணி வந்த வருஷம், கோயில் மணி விரிசல் விட்ட வருஷம் என்றுதான் சொல்வார்கள். அந்த வரிசையில் கட்டை ஒதுங்கின வருஷம் என்றும் ஒன்று உண்டு. அந்த வருஷம் ஐப்பசியில், துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு கப்பலிலிருந்து பெரிய இரும்புப் பெட்டி ஒன்று சரிந்து கடலில் விழுந்து வாய் பிளக்க, அதற்குள் இருந்த பிளாஸ்டிக் கட்டைகள், சிவப்பும் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக, ஒன்றின் தலையில் இன்னொன்று டக்கென்று உட்காருகிற பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டைகள், அலை அலையாக வந்து கரையில் குவிந்தன. சனம் அரிசிச் சாக்கோடும் குளிக்கிற வாளியோடும் ஓடி அள்ளியது. எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சும்மா வருவதை விடுவானேன்? வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான், இதை அவிக்கவும் முடியாது, அரைக்கவும் முடியாது, வெறுங்காலோடு மிதித்தால் உயிர் உச்சிக்குப் போய்த் திரும்பும் என்பதெல்லாம் தெரிந்தது.

கஸ்பார் வீட்டு முன்னால் தகரக்கூரை போட்ட ஷெட் ஒன்று இருந்தது. அவர் மனைவி ஜெசிந்தா தன்னுடைய இரண்டு ஸ்கூட்டர்களை அதில்தான் நிறுத்துவாள். ஜெசிந்தா பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் காலையும் சாயங்காலமும் அவள் போடுகிற சத்தத்தில் காக்கா உட்காராது. “பிரேக்கப் பிடி! பிரேக்க! எம்மா தாயே, அது பிரேக்கு இல்ல, ஆக்ஸிலேட்டரு!” பகல் பூராவும் இப்படிக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ஆகாசத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, வீடு மாதிரி இருக்கிற பெட்டிகளைத் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக, முட்டைமேல் முட்டை வைக்கிற பதனத்தோடு அடுக்கியவர். பிறகு புதுக் கிரேன் வந்தது. அதற்கு மேலே ஆள் வேண்டாம், கீழே ஏசி ரூமில் திரையைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் இருந்தால் போதும் என்றார்கள். கஸ்பாருக்குச் சால்வை போர்த்தி, கேக் வெட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். தெருவில் இறங்கவில்லை. பேச்சும் “சரி”, “வேண்டாம்”, “தெரியல” என்று மூன்று சொல்லாகச் சுருங்கிப்போயிற்று.

அந்த மனுஷர் ஒருநாள் காலடியில் கிடந்த இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினார். டக். அதை எதிர்வீட்டுப் புஷ்பமணி பார்த்துவிட்டாள்.

“மைனி, அண்ணாச்சி கட்டைய வச்சு வெளயாடுதாக!” என்று சொன்ன கையோடு தன் வீட்டுச் சாக்கைக் கொண்டுவந்து ஷெட்டில் கொட்டினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பார்த்து அடுத்த தெரு, டீக்கடைப் பிச்சையா அண்ணாச்சி, பங்குக் கோயில் மேடையைக் கூட்டுகிற சபீனாள் என்று ஊரே வந்து கொட்டியது. எல்லார் முகத்திலும் நல்ல காரியம் செய்த களை. ஜெசிந்தா பொட்டலிலிருந்து திரும்பியபோது ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை, இடுப்பளவுக்குக் கட்டை.

“இது என்னங்க?”

“தெரியல.”

“ஊர்க் குப்பையெல்லாம் நம்ம வீட்டுலயா கொட்டணும்? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்?”

கஸ்பார் குனிந்து ஒரு நீலக் கட்டையை எடுத்தார். இரண்டு விரலால் மேலே தூக்கி, முழங்கையை மடக்காமல் அப்படியே மெதுவாக வலப்பக்கம் திருப்பி, ஒரு நொடி நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பிறகு கீழே இறக்கி வைத்தார். கூண்டுக்குள் இருந்து இரும்புக் கையை ஆட்டியவரின் கை அது. ஜெசிந்தாவுக்குக் கோபம் பாதி இறங்கிற்று. ஸ்கூட்டரைத் தெருவில் விட்டுவைத்து, மறுநாள் வெயிலில் சீட் சுட்டபோது அந்தப் பாதியும் திரும்ப ஏறிற்று.

அவர் கட்டினார். தை பிறந்து மாசியும் வந்தது, அவர் கட்டிக்கொண்டே இருந்தார். முதலில் நான்கு கால் வந்தது, பின்னங்கால் இரண்டும் கோயில் தூண் பருமனுக்கு. அதன்மேல் ஒரு லாரி நீளத்துக்கு உடம்பு வந்தது. பிறகு வளைந்து நீண்ட கழுத்து, கிரேன் கழுத்து மாதிரி. மீன் வால் மாதிரி ஒரு வால். மாடா, மானா, முதலையா என்று சொல்ல முடியாத முகம். பார்க்க வந்தவர்கள் ஆனை என்றார்கள், ஒட்டகம் என்றார்கள். பங்குச் சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நோவா இதைக் கப்பலில் ஏற்ற மறந்திருப்பார் என்றார். ஜெசிந்தா துணி துவைத்தால் துணிக்குள் கட்டை, அரிசி களைந்தால் அரிசிக்குள் கட்டை. ஒருநாள் பொட்டலில் ஹெல்மெட்டைக் கழற்றினால் கொண்டைக்குள் ஒரு மஞ்சள் கட்டை. “என் கலியாணத்துக்கு எங்கப்பா போட்ட நகையைக்கூட நான் இப்படித் தலையில வச்சுக்கிட்டுத் திரியல” என்று தன்னிடம் ஸ்கூட்டர் பழகுகிற ஃபரீதாவிடம் சொல்லி அழாத குறையாக நின்றாள். பங்குனிக் கடைசியில் அவர் இரண்டு வெள்ளைக் கட்டையைக் கண்ணாக வைத்துவிட்டு, கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வியாழக்கிழமை, பால்காரர் வந்துபோன பிறகு, ஜெசிந்தா தெருவில் நின்ற ஸ்கூட்டரைக் கிளப்பியபோது விலங்கு எழுந்து நின்றது. எழுந்த வேகத்தில் ஷெட்டின் தகரக்கூரை அதன் முதுகோடு மேலே போய், ஒரு பக்கமாகச் சரிந்து, புஷ்பமணி வீட்டுத் துவைகல்லில் விழுந்தது. விலங்கு முதல் காலை வைத்தது, இரண்டாவது காலை வைத்தது, கடகடவென்று மூட்டுகள் சத்தம் போட, தெருவுக்கு வந்து, ஜெசிந்தாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றது. அவள் கொஞ்சம் முன்னே போனாள். அதுவும் வந்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது.

கஸ்பார் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார்.

“உங்களத்தான்! இதக் கூப்பிடுங்க! எனக்குப் பொட்டலுக்கு நேரமாவுது!”

அவர் வாயைத் திறந்தார். அதற்கு அவர் பேர் வைத்திருக்கவில்லை. “ஏ…” என்றார். “ஏ… இந்தா…” விலங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

முதல் நாள் காலனி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது. இரண்டாம் நாள் புஷ்பமணி துவைகல் உடைந்ததற்குச் சண்டைக்கு வந்தாள். மூன்றாம் நாள் அவளே அகத்திக்கீரைக் கட்டோடு வந்து அதன் வாயில் வைத்தாள். கீரை அங்கேயே தொங்கி, வாடி, காய்ந்து, காற்றில் பறந்து போகும்வரை அது அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. “சாப்பாட்டுத் தொந்தரவு இல்லாத பிள்ளை” என்று அவள் திருப்தியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. அதை வைத்துத் தங்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். மீன் விற்கிற பெண்கள் அதன் நிழலில் கூடையை இறக்கினார்கள். ஜெசிந்தா சந்தைக்குள் போனால், “யக்கா, சீக்கிரம் வெளிய வந்துராதீங்க, இன்னும் பாதிச் சாளை கெடக்கு” என்றார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் சிக்னலில் அதை நிறுத்தக் கற்றுக்கொண்டார். நாய்கள் அதன் காலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போயின. ஒரு கட்சிக்காரர்கள் கழுத்தில் கொடி கட்ட, அடுத்த கட்சிக்காரர்கள் வாலில் கட்ட, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று இரண்டு கூட்டத்துக்கும் பிச்சையா டீக்கடையில் சட்டை கிழிந்தது. சாமியார் அதன்மேல் தீர்த்தம் தெளித்தார்; தண்ணீர் கட்டை இடுக்குகளில் எல்லாம் புகுந்து இறங்கி வயிற்றுக்கடியில் சொட்டியது; “இறங்கிட்டு” என்று அவர் ஒப்புக்கொண்டார். கலியாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் பத்திரிகை மூலையில் மஞ்சளைத் தடவிக்கொண்டே, “மைனி, நீங்களும் அதுவும் ஒருநா முன்னக்கூட்டியே வந்துரணும், மண்டப வாசல்ல நிக்க ஆள் வேணும்” என்றார்கள்.

கஸ்பார் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஜெசிந்தாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் எங்கே போனாலும் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். பொட்டலில் ஃபரீதாவும் மற்றப் பெண்களும் அதன் கால்களுக்கு நடுவில் எட்டுப் போடப் பழகி, லாரியையே சட்டை செய்யாதவர்கள் ஆகிவிட்டார்கள், அது வரைக்கும் லாபம். மற்றபடி அவளுக்கு ஒரு தனியான நிமிஷம் கிடையாது. பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள், அது பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது, கண்டக்டர் அவளை முறைத்தார். சந்துக்குள் புகுந்து பார்த்தாள், அது சந்தின் அடுத்த முனையில் போய் நின்றது. திட்டினாள். “உன்னக் கட்டினது யாரு? நானா? உனக்கு ஒரு கட்டையாவது எடுத்துத் தந்திருப்பனா? போ, உன்னப் பெத்தவர்ட்டப் போ!” வெள்ளைக் கண்ணால் அது அவளைப் பார்த்தபடி நின்றது.

ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே வந்தாள். கஸ்பார் நாற்காலியில் இருந்தார். கூரையில்லாத ஷெட் வழியாக வெயில் அவர் மடிவரைக்கும் வந்திருந்தது.

“வாசல்ல நிக்கு, ஒரு தடவ வந்து பாக்கக் கூடாதா? ஊரே பாக்கு.”

அவர் சுவரைப் பார்த்தபடியே, “அது உங்கூடத்தான வருது” என்றார்.

அந்த மூன்று சொல்லைத் தாண்டிப் பேசிவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. “எங்கூட வான்னு நானா கூப்பிட்டேன்? ஒரு பிளாஸ்டிக் கட்டைக்காகவா எங்கூடப் போட்டி?” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே விலங்கு ஒரு காலை மாற்றி வைத்தது, டக்.

இதற்குள் காலனியில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. அது சந்தைக்கு நிழல், கலியாணத்துக்கு அலங்காரம், கட்சிக்குக் கொடிமரம் என்று ஆனபிறகு, அதன் முதுகில் இருக்கிற சிவப்பெல்லாம் எங்கள் வீட்டுச் சாக்கு என்றாள் சபீனாள். வால் தன்னுடையது என்றார் பிச்சையா. “கொட்டும்போது குப்பைன்னு கொட்டினீங்க” என்று ஜெசிந்தா கேட்டதற்கு, “குப்பைன்னாலும் எங்க குப்பைலா, மைனி?” என்று புஷ்பமணி நியாயம் சொன்னாள். கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரே விலங்கை எல்லார் வீட்டு வாசலிலும் கட்ட முடியாது, அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்வதே முறை என்று பிச்சையா தீர்ப்புச் சொன்னார். ஜெசிந்தா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொலையட்டும் என்றுதான் நினைத்தாள். விலங்கு கூட்டத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

சனம் பாய்ந்தது. எது எவருடையது என்று யாருக்குத் தெரியும்? பிடுங்கினவர்கள் கைக்கு வந்தது அவரவர் பங்கு. ஆணும் பெண்ணும் சாக்கை விரித்துக்கொண்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் தட்டிவிட்டுக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மைதானத்தைத் துடைத்துவிட்டார்கள். ஜெசிந்தா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்தது. அப்பாடா என்று சொல்லி, பிச்சையா கடையில் நின்று, நிதானமாக ஒரு டீ குடித்தாள். அந்த டீ முடிகிறவரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தாள். அதற்காகத் தன்மேலேயே எரிந்துவிழுந்தாள்.

பங்கு கொண்டுபோனவர்களுக்கு நிம்மதி அதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. புஷ்பமணிக்குக் கிடைத்தது ஒரு முழங்கால்; அது கட்டிலுக்கடியில் மடங்குவதும் நீள்வதுமாக இருந்து, அவள் புருஷன் மதியம் கண் அசரும்போதெல்லாம் கட்டிலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பிச்சையா கடையில் கல்லாவுக்கு மேலே வைத்த கழுத்துத் துண்டு, டீ குடிக்கிற ஒவ்வொருத்தர் கிளாஸுக்குள்ளும் எட்டிப் பார்க்க, கூச்சப்பட்டு ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். சபீனாள் வீட்டு டிவி மேல் வால் ஆடிக்கொண்டே இருந்தது. சீரியலில் யார் அழுதாலும் அது ஆடியது. அவளால் ஒரு சாவைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. உடைத்துப் போடலாமென்றால் உடைந்த துண்டும் அதையே செய்தது. திரும்பவும் சாக்குகள் கிளம்பின. திரும்பவும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வந்து ஷெட்டில் கொட்டினார்கள்.

“நீங்களே வச்சுக்கிடுங்க, மைனி. எங்களுக்குப் பங்கும் வேண்டாம், பாத்தியதையும் வேண்டாம்.”

“நல்லா இருங்க” என்றாள் ஜெசிந்தா. கொட்டிவிட்டுப் போகிறவர்கள் முதுகைப் பார்த்து இன்னும் சிலதும் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

இடுப்பளவுக் குவியல் உள்ளுக்குள் முனகிக்கொண்டும் அசைந்துகொண்டும் கிடந்தது. ஒரு துண்டு குதிக்க, இன்னொரு துண்டு முட்ட, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் உள்ளே போய்க் கஸ்பார் முன்னால் நின்றாள்.

“எந்திரிங்க. வந்து அதச் சேர்த்து வைங்க. பாவமா இருக்கு.”

“வேண்டாம்.”

“உங்களுக்கு வேண்டாமா, அதுக்கு வேண்டாமா?”

“தெரியல.”

“சரி. இருங்க. நல்லா உக்காந்திருங்க. நாற்காலிக்குக் கால் வலிக்கப் போவுது!” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே குவியலுக்குள் இறங்கினாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. கைக்கு வந்ததை எடுத்தாள், பொருந்தவில்லை என்றால் உள்ளங்கையால் அடித்தாள், அப்படியும் பொருந்தவில்லை என்றால் திட்டினாள். திட்டினால் சில கட்டைகள் பொருந்தவும் செய்தன. காலையில் பொட்டல், மத்தியானம் ஷெட், சாயங்காலம் பொட்டல் என்று அவள் பாட்டுக்குக் கட்டினாள்; அவள் கட்டினது முதலில் நின்றதைப் போல இல்லை, கொஞ்சம் குள்ளமாக, கொஞ்சம் வயிறு வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்கூட்டர் பழகுகிற பெண் முதல்நாள் உட்காருகிற மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. முதலில் சுவரைப் பார்த்திருந்தது. பிறகு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வந்தது. பிறகு ஜன்னலை ஒட்டி. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். பார்க்கிற மனுஷர் வந்து ஒரு கை பிடித்தால் என்ன குறைந்துபோகும் என்று அவளுக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் பின்னங்காலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அந்தக் கால் தாங்காது.”

ஜெசிந்தா கையில் பச்சைக் கட்டையோடு அப்படியே நின்றாள். கஸ்பார் வாசற்படியில் நின்றிருந்தார்.

“தாங்கும்” என்றாள்.

“தாங்காதுன்னா தாங்காது. எடை பூரா பின்னால நிக்கு. அடியில அகலம் வேணும். நீ குச்சி மாதிரி வச்சிருக்க.”

“அப்பம் வந்து வைக்கதுக்கென்ன? இம்புட்டு நாளா ஜன்னல் வழியா நாட்டாமை பண்ணத் தெரியுதுல்லா?”

“நீ ஏன் அதக் கூட்டத்துல விட்டுக் கொடுத்த? ஒத்த வார்த்த சொல்லாம நின்னியாம்லா!”

“யாரு சொன்னா?”

“தெருவுல பேசுதது எனக்குக் கேக்காதா? வாய்தான் பேசல, காது இருக்குலா!”

அவ்வளவுதான். ஜெசிந்தா கட்டையைக் கீழே போட்டாள். காது இருக்கிற மனுஷருக்கு, அவள் ஒரு வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டே பேசினது, விளக்கை அணைத்துவிட்டுப் பேசினது, குளியலறைக் கதவைத் தட்டிப் பேசினது ஒன்றும் கேட்கவில்லையா என்று கேட்டாள். கேட்டது என்றார். பிறகு ஏன் பதில் இல்லை என்றாள். என்ன பதில் சொல்வது என்றார். அவ்வளவு உசரத்தில் உட்கார்ந்து, ஊரையே உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்தால் எல்லாம் ரொம்பப் பெரிசாக இருக்கிறது, சத்தமாக இருக்கிறது, அதை எப்படி ஒரு பொம்பளையிடம் சொல்வது என்றார். பொம்பளையிடம் சொல்லாமல் சுவரிடம் சொன்னீர்களா என்றாள். சால்வை போர்த்தினபோது ஒருத்தன்கூட என் பேரைச் சரியாகச் சொல்லவில்லை, காஸ்பர், காஸ்பர் என்றார்கள் என்றார். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் போய் அந்த மைக்கைப் பிடுங்கியிருப்பேன் என்றாள். அதனால்தான் சொல்லவில்லை என்றார். அவள் குரல் பொட்டல்வரைக்கும் போனது, அவர் குரல் ஒரு வருஷத் துருவெல்லாம் உதிர்ந்து கப்பலுக்குக் கேட்கிற அளவுக்கு உயர்ந்தது, காலனி சனம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குழம்பு அடிப்பிடிப்பதையும் பார்க்காமல் கேட்டது. அவள் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். அவர் அவள் கையிலிருந்து விழுந்த கட்டையை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

புஷ்பமணி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மைனி! அண்ணாச்சி! சண்டைய நிறுத்துங்க, அது போயிட்டு!”

திரும்பிப் பார்த்தால் ஷெட்டில் ஒன்றும் இல்லை. விலங்கு எப்போது எழுந்தது, இரண்டு பேருக்கும் நடுவில் எப்படிப் புகுந்து போனது, தெரியவில்லை.

“எங்கிட்டு?”

“உப்பளத்து ரோட்டுல. திரும்பிக்கூடப் பாக்கல.”

ஜெசிந்தா ஸ்கூட்டரை உதைத்தாள். பின்சீட் அழுந்தியது. கஸ்பார் ஏறி உட்கார்ந்திருந்தார், லுங்கியோடு, செருப்பில்லாமல், கையில் பச்சைக் கட்டையோடு. வண்டி காலனியைத் தாண்டி, பொட்டலைத் தாண்டி, உப்புக் குவியல்களுக்கு நடுவே போனது. வெயிலில் கண் கூசியது. அவர் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டை பிடித்த மறுகையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் சாத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், பாத்திகளைத் தாண்டி, பைபாஸ் ரோட்டில் விலங்கு போய்க்கொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் அவசரம் இல்லாமல், யார் பின்னாலும் போகாமல், தன் பாட்டுக்குப் போனது. அதற்குப் பின்னால் லாரிகள் பொறுமையாக வரிசையில் ஊர்ந்தன. சரக்கு ரயில் குறுக்கே வந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்து முடிந்தபோது, ரோட்டில் லாரிகள் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன.

கேட் திறந்தது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

“போவமா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

கஸ்பார் ரோட்டில் ஓடுகிற லாரிகளைப் பார்த்தார். “போவட்டும்” என்றார். “பசிக்குது.”

அவள் வண்டியைத் திருப்பினாள். ஹார்ன் அடித்தவர்களுக்குக் கையைக் காட்டி ஒரு வசவு கொடுத்தாள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

“இருந்தாலும் அந்தப் பின்னங்கால்…” என்று அவர் ஆரம்பித்தார்.

“நடந்துதானங்க போச்சு? கண்ணால பாத்தீங்கள்லா?”

“இப்பம் நடக்கும். ஏத்தத்துல என்ன செய்யும்? பாலம் வரும்லா. எடை பின்னால சாயும்போது…”

“கால் பேச்ச எடுத்தீங்க, இங்கனயே இறக்கி விட்டுருவேன்.”

அவர் அதன் இடது காலைப் பற்றிச் சொன்னார், வலது காலைப் பற்றிச் சொன்னார், அடி அகலம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று அவள் காதுக்குப் பக்கத்தில் கையை விரித்துக் காட்டினார், வயிறு எதற்கு அவ்வளவு பெரிசாக வைத்தாய் என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் கழுத்துக்குப் போனார். வீடு வரும்வரை நிறுத்தவே இல்லை. ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினாள். எங்கேயும் இறக்கி விடவில்லை.